தாத்தா பேரு வேண்டாம், பட்டப்பேரு சொல்லுங்க

மாசி பாதி கழிந்ததும் என் செல்போன் அடிக்கத் தொடங்கிவிடும். பேசுகிறவர்கள் சென்னை, பெங்களூரு, சில சமயம் துபாய். "சார், எங்க குலதெய்வம் எதுன்னு தெரியலை. பங்குனி உத்திரத்துக்குள்ள கண்டுபிடிச்சுத் தர முடியுமா?"

மூன்று தலைமுறையாகத் தேடாத சாமியை மூன்று வாரத்தில் தேடித் தர வேண்டும். என்ன அவசரம் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஜோசியர் சொல்லியிருப்பார். மகளுக்கு வரன் தள்ளிப் போகிறது, அல்லது மகனுக்கு விசா வரவில்லை. கட்டத்தைப் பார்த்த ஜோசியர், "குலதெய்வக் குறை இருக்கு" என்று ஒரே வரியில் முடித்து, தட்சணையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்டிவிடுவார். வெளிநாட்டுக்காரர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போகாமல் முன்னோரைத் தேடுவார்களாம். நம் பக்கம் அந்தப் பழக்கம் கிடையாது. கல்யாணம் தட்டினால்தான் கொள்ளுத்தாத்தா ஞாபகத்துக்கு வருவார்.

நான் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் சைக்கிள் மிதித்த தபால்காரன். இந்த வேலைக்கு வந்து சேர்ந்ததும் அதனால்தான். எங்கள் பக்கம் உறையில் எழுதியிருக்கும் பெயர் ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்த பெயரை யாரும் உறையில் எழுத மாட்டார்கள். சென்னையிலிருந்து ராமசாமிக்கு மணியார்டர் வரும். ஊருக்குள் போய் ராமசாமி என்று கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். விசாரித்தால் தெருவுக்கு ரெண்டு ராமசாமி இருப்பார்கள். 'கருப்பட்டி', 'ஒத்தமாடு', 'லேட்டு', 'மிலிட்டிரி' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். (மிலிட்டிரி பட்டாளத்தில் இருந்தவரில்லை. ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய், நெஞ்சு அளவு பத்தாது என்று அன்றைக்கே திரும்பி வந்தவர். பெயர் மட்டும் திரும்பவில்லை.) உறையிலுள்ள பெயரையும் ஊரிலுள்ள பெயரையும் சேர்த்து வைப்பதே என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதையே செய்கிறேன். சம்பளம் மட்டும் நின்றுவிட்டது.

கூட்டாளிகள் உண்டு. ஓய்வு பெற்ற தலையாரி ஒருவர். எந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை வாய்ப்பாடாகச் சொல்லுவார். கல்யாண வீடுகளில் மொய் எழுதுகிறவர் ஒருவர். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தம்பி ஒருவன். சங்கம், பதிவு எண், ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றும் கிடையாது. டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். அண்ணாச்சி கடையைச் சாத்தினால் ஆபீசும் சாத்தியது.

அமெரிக்காவில் 1999-இல் ஒரு தம்பதி இதே மாதிரி ஒரு தன்னார்வக் கூட்டத்தைத் தொடங்கியதாகத் தம்பி படித்துச் சொன்னான். 'ரேண்டம் ஆக்ட்ஸ் ஆஃப் ஜீனியலாஜிக்கல் கைண்ட்னஸ்' என்று பெயர். அந்தந்த ஊரில் இருப்பவர்கள், தூரத்தில் இருக்கும் யாருக்காகவோ கல்லறையைப் படம் எடுத்து அனுப்புவார்கள். பதிவேட்டில் பெயரைத் தேடித் தருவார்கள். மாதத்துக்கு ஒரு உதவியாவது செய்ய வேண்டும். நகல் எடுத்த செலவையும் தபால் செலவையும் வாங்கிக்கொள்ளலாம். நம் நேரத்துக்குக் காசு கேட்கக் கூடாது. முழுவதையும் பொறுமையாகக் கேட்ட தலையாரி, "சாமி கிடைச்சா கிடாக்கறி உண்டாமா?" என்றார். அது பற்றி ஒன்றும் போடவில்லை என்றான் தம்பி. அமெரிக்கா மேல் அவருக்கிருந்த மதிப்பு அன்றோடு போனது.

எங்களுக்கு உண்டு. சாமியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் முதல் பொங்கலுக்குக் கூப்பிடுவார்கள். கிடா வெட்டினால் எங்களுக்கும் ஒரு இலை. சைவச் சாமியாக அமைந்துவிட்டால் சர்க்கரைப் பொங்கல். இது போக, வருகிறவர்கள் அன்பாக ஒரு பையை நீட்டுவார்கள். உள்ளே கடலை மிட்டாய் இருக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மதிப்பு கூடிவிட்டது. எங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கி எங்களிடமே கொடுக்கிறார்கள். எங்கள் நாலு பேரில் மூன்று பேருக்குச் சர்க்கரை.

போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கோவில்பட்டி?" என்பது. நத்தம் பக்கம் ஒரு கோவில்பட்டி இருக்கிறது. இன்னும் பல மாவட்டங்களில் இருக்கின்றன. கோவில் இருந்து, பட்டியும் இருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கடலை மிட்டாய், தீப்பெட்டி, செண்பகவல்லி அம்மன் என்று மூன்று அடையாளம் சொன்ன பிறகு பாதிப் பேர் "ஐயோ, அது இல்ல சார்" என்று போனை வைத்துவிடுவார்கள். மிச்சப் பேருக்கு அடுத்த கண்டம், கிராமத்தின் பெயர். லட்சுமிபுரம் என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் எத்தனை லட்சுமிபுரம் உண்டு என்று பஸ் கண்டக்டரைக் கேட்டால் அவரே பெருமூச்சு விடுவார்.

பழைய காகிதத்தில் ஜில்லாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். சாத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-இல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. 1985-இல் இப்போதைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. இருந்த இடத்தை விட்டு ஒரு முழம் நகராமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. எங்கள் கோவில்பட்டியும் 1986-இல் தூத்துக்குடி பிரியும் வரை திருநெல்வேலிதான். வெளியூரில் இருக்கும் எங்கள் பெரிசுகள் இன்னமும் விலாசத்தில் திருநெல்வேலி என்றுதான் எழுதுகிறார்கள்.

ஊர் கிடைத்துவிட்டால் பெயர் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள் இல்லை. இங்கே தாத்தா பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைப்பது. சுப்பையா மகன் ராமசாமி, ராமசாமி மகன் சுப்பையா, சுப்பையா மகன் ராமசாமி என்று போய்க்கொண்டே இருக்கும். பழைய சீட்டுகளில் ஆங்கில வருஷம் இருக்காது, தமிழ் வருஷம்தான். தமிழ் வருஷமோ அறுபதுக்கு ஒரு தரம் திரும்ப வரும். தாது வருஷம் 1876-இலும் வந்தது, 1936-இலும் வந்தது. தாது வருஷத்தில் பிறந்த சுப்பையா மகன் ராமசாமிக்கு, அடுத்த தாது வருஷத்தில் சுப்பையா மகன் ராமசாமி என்றே ஒரு பேரன் பிறக்க அறுபது வருஷம் சரியாக இருக்கும். ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே வருஷம், ஒரே ஊர். சென்னையில் யாரோ ஒரு நிபுணரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிய வம்சாவளி என்று ஒருவர் சட்டம் போட்டே கொண்டுவந்தார். அதில் பேரன் தன் தாத்தாவுக்கு ரெண்டு குறுக்கம் நிலத்தைக் கிரயம் பண்ணிக் கொடுத்திருந்தான். தலையாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். "பாசக்காரப் பய" என்றார்.

சிலருடைய பெயரே பாதி வம்சாவளியாக இருக்கும். பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் முழுப்பெயர் ராயங்கல ஸ்ரீகிருஷ்ண ராஜ நாராயணப் பெருமாள் ராமானுஜம் நாயக்கர். இந்தப் பெயருக்கு ஒரு தபால்காரன் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் அடுத்த ஊர் பட்டுவாடா மறுநாள்தான். அவராகவே இரக்கப்பட்டு கி.ரா. என்று சுருக்கிக்கொண்டார்.

செட்டிநாட்டுப் பக்கம் நகரத்தார் வீடுகளில் இந்தக் கஷ்டமே இல்லை. ஒன்பது நகரக் கோவில்கள். கல்யாணம் ஆனதும் அவரவர் கோவிலில் பதிந்து, ஒரு தம்பதி ஒரு புள்ளி என்று கணக்கு. எங்களுக்கு அங்கே பொங்கலும் கிடைக்காது, கடலை மிட்டாயும் கிடைக்காது. நாங்கள் தேவைப்படுவது கணக்கு வைக்காத ஜனத்துக்குத்தான்.

உண்மையில் கணக்கு வைக்காத ஜனம் என்று ஒன்று இல்லை. வம்சத்துக்காக யாரும் கணக்கு வைக்கவில்லை; துட்டுக்காக வைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. கோவிலில் தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். கல்யாணம் முடிந்த ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. தாலி கட்டிய வருஷம் நோட்டில் ஏறுவான். செத்த வருஷம் அடித்துவிடுவார்கள். பிறந்த தேதியை எவனும் எழுதவில்லை. குழந்தை வரி கட்டாதே! சில நோட்டுகளில் செத்தவன் பெயர் பத்து வருஷம் வரைக்கும் அடிபடாமல் இருக்கும். வரி பாக்கி நிற்கிறது என்று அர்த்தம். பாக்கியைத் தீர்க்கும் வரை எங்கள் சாமி ஒருவனைச் சாக விடாது.

அடுத்தது மொய் நோட்டு. எங்கள் மொய் எழுதுகிறவர் இதில் பண்டிதர். அரை நூற்றாண்டுக்கு முந்திய நோட்டை விரித்து வைத்து, "இங்க பாருங்க, முதல் பக்கம் தாய்மாமன். ரெண்டாவது சம்பந்தக்காரர். இந்த ஆளு பங்காளி. ஆனா அஞ்சாவது பக்கத்துலதான் வர்றாரு, அதுவும் ஒத்த ரூவா. அப்பவே வரப்புத் தகராறு ஓடியிருக்கு" என்பார். மறு மாதமே நிலப் பத்திரத்தில் அந்தத் தகராறு கிடைக்கும். ஊர், பட்டப்பெயர், உறவு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த நீள நோட்டில் இருக்கின்றன. எந்த அரசாங்க ஆவணக் காப்பகத்திலும் இது கிடையாது. ஆனாலும் நம் ஆட்கள் மொய் திருப்பிச் செய்து முடித்ததும் நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரியும்.

பத்திரங்களைத் தம்பி பார்த்துக்கொள்வான். வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-லிருந்துதான் கணினியில் கிடைக்கும். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் எங்களுக்கு அன்றைக்குப் பண்டிகை. எழுதிக் கொடுத்தவன், வாங்கியவன், இருவரின் தகப்பன்மார், ஊர், ஜீவனம், நான்கு பக்கமும் யார் யார் நிலம் என்று முழு ஊரும் அதற்குள் உட்கார்ந்திருக்கும். எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த ஊர்களாக இருந்தால் இன்னும் பின்னால் போவது சிரமம். அப்போது தலையாரியின் வாய்ப்பாடுதான் கதி. 1980-இல் கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை அரசு எடுத்துவிட்டது. அந்தக் கர்ணங்கள் காலத்துச் சங்கதி பாதி காகிதத்தில் இருக்கிறது. மீதி இவர் தலைக்குள் இருக்கிறது. அவர் இருமினாலே எனக்குப் பதற்றமாக இருக்கும்.

இத்தனை காகிதத்திலும் பெண்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். வரி நோட்டில் கிடையாது, பட்டாவில் அபூர்வம், மொய் நோட்டில் புருஷன் பெயருக்குப் பின்னால். தமிழ்நாட்டில் 1989-இல் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. அதற்குப் பிந்திய பத்திரங்களில் திடீரென்று சகோதரிகள் கூட்டமாக வருவார்கள். என்ன பத்திரம் என்று பார்த்தால் விடுதலைப் பத்திரம். பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட வந்திருப்பார்கள்! நூறு வருஷமாக அந்தக் குடும்பத்தில் பெண்ணே பிறக்கவில்லை என்று காட்டிய காகிதத்தில் ஒரே நாளில் அஞ்சு அக்கா தங்கச்சி. எங்களுக்கு அந்த ஊர் கொண்டான் கொடுத்தான் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் கிடைத்துவிடும். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று நான் விசாரித்துப் பார்த்ததில், ஒருவருக்கு ஒரு பட்டுச் சேலை கிடைத்திருக்கிறது.

காகிதத்தில் இல்லாத அந்தப் பெண்களிடம்தான் கதை முழுவதும் இருக்கிறது. கி.ரா. 1976-இல் 'கோபல்ல கிராமம்' எழுதியபோது, ஆந்திர தேசத்திலிருந்து ஜனங்கள் வந்த கதையை நூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் வாயில்தான் வைத்தார். விஷயம் தெரிந்தவர். ஆனால் பாட்டிகளிடம் ஒரு சிக்கல் உண்டு. புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

"ஆச்சி, தாத்தா பேரு என்ன?"

"அதான்... வில்லை ஒடிச்சவுக."

"ராமரா?"

"அது முன்பாதி. பின்பாதி பழனியில நிக்கிறவுக."

ராமசாமி. சரி, மாமனார் பெயர்? அதையும் சொல்லக் கூடாது. மாமனார் பெயரை வைத்திருக்கும் மகனையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், 'பெரியவன்'. புருஷன் பெயரை வைத்திருக்கும் பேரன் 'ராசா'. பக்கத்துத் தெருவில் அதே பெயருள்ள கடைக்காரர் 'அந்தா அவுக'. தொண்ணூறு வயது வரை ஒரு மனுஷி பாதி ஊரைப் பெயர் சொல்லாமலே கூப்பிட்டு வாழ்ந்திருக்கிறார். சுருட்டிச் சொன்னால், எங்கள் ஆராய்ச்சி விடுகதைப் போட்டியாகத்தான் நடக்கிறது.

பாட்டிகளைக் கூட்டமாகப் பிடிக்க நல்ல இடம் துட்டி வீடு. கல்யாண வீட்டில் சமையல் ருசி, நகை எடை என்று பேச்சு போய்விடும். துட்டி வீட்டில்தான் யார் கோடி போடணும், நீர்மாலைக்கு எந்த வகையறா முதலில் போகணும் என்று முறை பேசுவார்கள். முறை தெரியாவிட்டால் சண்டை வரும். அதனால் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்வார்கள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுத்திருக்கிறேன். இறந்தவர் வட்டிக்கு வாங்கிய கணக்கைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்து மூத்த மகன் காபி கொடுத்து உபசரித்தார்.

சந்தேகம் எங்கள் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. வெளியூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கிராமத்தில் இறங்கி, "இவங்க பூட்டன் இந்த ஊரு" என்று சொன்னவுடன் டீக்கடை அமைதியாகும். நான்கு பக்கமும் காற்றாலை. இப்போது சூரிய மின்சாரத்துக்கு வேறு நிலம் வாங்குகிறார்கள். வேலிக்கருவை மண்டிக் கிடந்த கரிசலுக்கெல்லாம் விலை வந்துவிட்டது. கூட்டுப் பட்டாவில் செத்துப்போன பூட்டன் இன்னும் உயிரோடு இருக்கிறார். இந்த நேரத்தில் ஒருத்தன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு பூட்டனைத் தேடி வந்தால் ஊர் என்ன நினைக்கும்?

"கம்பெனி ஆளாய்யா?"

"இல்லைங்க, குலதெய்வம் தேடி வந்திருக்காரு."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுதாக."

அதனால் இப்போதெல்லாம் எங்களிடம் ஒரு ஏற்பாடு. ஊருக்குள் நுழைந்ததும் வந்தவரை விட்டே சொல்ல வைப்போம்: "எனக்கு நிலம் வேண்டாம், சாமி மட்டும் போதும்." இதைக் கேட்ட பிறகுதான் பங்காளிகள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். ஒரு ஊரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். அவரும் கொடுத்தார். அதற்கப்புறம் கிடைத்த உபசாரம் இருக்கிறதே, சேவல் அடித்து, இலை போட்டு, போகும்போது ஒரு மூட்டை மிளகாய் வத்தல்.

சாமி மட்டும் போதும் என்பவர்களுக்கும் உள்ளூர ஒரு ஆசை உண்டு. பூட்டன் வெறும் சம்சாரியாக இருந்துவிடக் கூடாது. பாஞ்சாலங்குறிச்சி கிட்டத்தில் இருக்கிறதல்லவா, கட்டபொம்மன் படையில் தளபதி என்று வருகிறவர்களில் பலர் சொல்லிவிட்டார்கள். ஒற்றன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, சமையல்காரர் என்றும் சொல்லவில்லை. எல்லோரும் தளபதி. இத்தனை தளபதிகள் இருந்திருந்தால் 1799-இல் மேஜர் பானர்மேன் கயத்தாறு வரைக்கும் வந்து தூக்குமரத்தைத் தேடியிருக்க முடியுமா என்று தலையாரி அவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார். தளபதி கிடைக்காமல் கடன் சீட்டு கிடைக்கும். களவு போன மாட்டுக்காகக் கொடுத்த பிராது கிடைக்கும். இளையதாரத்துக் குடும்பம் ஒன்று சாத்தூர்ப் பக்கம் முழுசாகக் கிடைக்கும். "அதை மட்டும் எழுத வேண்டாமே சார்" என்பார்கள். கிடைத்ததை எழுதுவோம், பிடிக்காவிட்டால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று நோட்டைக் கையில் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த விசாரிப்பும் நாலாவது வாக்கியத்தில் "நீங்க என்ன ஆளுக?" என்று வந்து நிற்கும். எங்கள் பெஞ்சில் அந்தக் கேள்வி கிடையாது. சாதி தெரிந்தால் தேடுவது சுலபம்தான். கோவிலும் தெருவும் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் அதைக் கேட்டுவிட்டால், கொஞ்ச நேரத்தில் வந்தவர் தன் பூட்டனை விட்டுவிட்டு அடுத்தவன் பூட்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். அதற்கு எங்களுக்கு நேரமில்லை. தவிர, இரண்டு தெருக்காரர்கள் ஒரே பீடத்துக்கு வேறு வேறு கதை சொல்லிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் பொங்கல் வைக்கிற கோவில்கள் இங்கே உண்டு. சாமி ரெண்டு பொங்கலையும் சாப்பிடுகிறது.

கூடலூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாத்தா காலம் வரை இலங்கைத் தேயிலைத் தோட்டம். பிறகு நீலகிரித் தேயிலைத் தோட்டம். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிரிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகக் கூறு போட்டுக்கொண்டார்கள். அப்படி வந்த குடும்பம். அவர் கையில் இருந்தது ஒரு பழைய குடும்ப அட்டை. அதில் ஊர் பெயர் ஒன்று, எழுத்துப் பிழையோடு. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்காவது பதிவேடு இருக்கிறது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்கும் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இலங்கைக்குக் கங்காணி பின்னால் போனவனுக்கு அதெல்லாம் கிடையாது. கழுத்தில் ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது.

பிழையான ஊர்ப் பெயரை உரக்கப் படித்துப் படித்து, அது எந்த ஊர் என்று மொய் எழுதுகிறவர்தான் பிடித்தார். போனோம். வழக்கமான "நிலம் வேண்டாம்" வாக்குமூலம் முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் திண்ணையில் இருந்த ஒரு கிழவி, வந்தவரின் காலையும் நடையையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"நீ சிலோனுக்குப் போன நெட்டைக்காலு வகையறாவா?"

வந்தவருக்குப் பட்டப்பெயர் தெரியாது. ஆனால் ஆள் ஆறடிக்கு மேல். கிழவி நம்பிவிட்டார். அழுவார், கட்டிப் பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கிழவி, "ஒங்க பூட்டன் போறப்போ எங்க அய்யாகிட்ட ஒரு காளைக்குத் துட்டு பாக்கி வச்சுட்டுப் போனாரு. எங்க அய்யா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு" என்றார். மூன்று தலைமுறைக்குப் பிறகு அந்தக் குடும்பம் அந்த ஊர்தான் என்று நிரூபித்த ஒரே சாட்சி அந்தப் பாக்கி. வந்தவர் பர்சை எடுத்தார். கிழவி தொடவில்லை. "எனக்கு வேண்டாம்யா. கோயில்ல வரியக் கட்டு" என்றார்.

பூசாரி நோட்டை எடுத்து, விட்டுப்போன வருஷங்களைக் கூட்ட ஆரம்பித்தார். தலையாரி குறுக்கே விழுந்து, "சாமி சிலோனுக்குப் போயி வசூல் பண்ணாதது இவர் தப்பா?" என்று வாதாடி, நடப்பு வருஷத்துக்கு மட்டும் என்று தீர்ப்பு வாங்கினார். புதுத் தலைக்கட்டாக அவர் பெயர் ஏறியது. அடைப்புக்குறிக்குள் பூசாரி நெட்டைக்கால் என்றும் எழுதினார். ஊர் பிடித்துப் போன மனுஷர் போகும்போது ஒரு கைப்பிடி மண் கேட்டார். பிடிமண் எடுத்துக்கொண்டு போய் தோட்டத்து லயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பீடம் போட்டிருப்பதாக அப்புறம் போன் பண்ணினார். எங்களுக்கு வந்து சேர்ந்தது அரைக் கிலோ தேயிலை. கடலை மிட்டாய் இல்லாத ஒரே கேஸ் அது.

எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை. ஊரும் கிடைக்காமல், வகையறாவும் கிடைக்காமல் நிற்பவர்களுக்குத் தென்மாவட்டத்தில் பெரியவர்கள் ஒரு வழி சொல்லி வைத்திருக்கிறார்கள். குலதெய்வமான சாஸ்தா எதுவென்று தெரியாதவர்கள் காரையார் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்ளலாம். நாங்களும் பலரை அங்கே பாபநாசம் மலைக்கு அனுப்பியிருக்கிறோம். ஜோசியர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. மறுபடி யாரும் போன் பண்ணவில்லை.

நீங்களும் வருவதாக இருந்தால் சில விஷயங்கள். தாத்தாவின் முழுப்பெயரும் இனிஷியலும் எங்களுக்கு அதிகம் உதவாது. ஊரில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை. பாட்டி பிறந்த ஊர் எது என்று கேளுங்கள். பாதி வழக்குகளை நாங்கள் பாட்டி வழியாகத்தான் முடித்திருக்கிறோம். வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். கட்டபொம்மன் படையைத் தலையாரி முன்னால் எடுக்காதீர்கள். பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம். நாங்கள் நாலு பேரும் அந்த வாரம் எங்கள் எங்கள் சாஸ்தா கோவிலுக்கு வரி கட்டப் போயிருப்போம். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அண்ணாச்சியும் போய்விடுவார்.